கோடியக்கரையில் விழுந்த உதை

கல்யாணமாகிப் பதினான்காம் நாள் ஒருவர் என்னை எட்டி உதைத்தார். என் வீட்டுக்காரர் அல்ல. அவருக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. உதைத்தவர் எங்கள் வேன் டிரைவர் சின்னதம்பி. அவர் பேச்சை எடுத்தாலே எங்கள் வீட்டில் இன்னமும் சண்டை வரும். வரட்டும். நான் எழுதத்தான் போகிறேன்.

சின்னதம்பிக்கு ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர். சாமை விதைத்து, புளி உலுக்கிப் பிழைக்கும் குடும்பம். சாமை கதிர் பிடித்ததும் காட்டுப்பன்றி இறங்கிவிடும். ஒரே ராத்திரியில் ஒரு வருஷச் சோற்றை உழுதுபோட்டுப் போய்விடும். அதற்காக அவுட்டுக்காய் வைப்பார்கள். துணியில் கட்டி, மேலே குடல் சுற்றிய வெடியுருண்டை அது. நாற்றத்துக்கு வந்து பன்றி கடித்தால் தாடை பிய்ந்துபோகும். சட்டப்படி குற்றம்தான். ஆனாலும் அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. உருண்டை வைத்த இடத்தில் குச்சி நட்டு, அதில் பச்சைத் தழையைக் கட்டிவிட வேண்டும். தழை கட்டிய குச்சியைக் கண்டால் மலையில் ஒருவரும் அந்தப் பக்கம் கால் வைக்கமாட்டார்கள்.

ஒரு நாள் சின்னதம்பி தழை கட்டவில்லை. காலையில் கட்டிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டார். காலையில் அவருக்கு முன்னால் அவர் மனைவி குப்பம்மா நிலத்துக்குப் போய்விட்டார். வலது கை மணிக்கட்டோடு போயிற்று. சிதறிக் கிடந்த விரல்களைத் துண்டில் பொறுக்கிக்கொண்டு மனைவியோடு மலை இறங்கியிருக்கிறார். தைக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஏழு மாதம் ஜெயில். வெளியே வந்தவருக்கு அந்த நிலத்தை மிதிக்கப் பிடிக்கவில்லை; போளூருக்கு வந்து வேன் ஓட்ட ஆரம்பித்தார். இதெல்லாம் பிற்பாடு, ஒரு ஆஸ்பத்திரி பெஞ்சில் இருவரும் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவரே எனக்குச் சொன்னது. கல்யாணம் முடிந்து கடற்கரையோரமாகச் சுற்றிப்பார்க்கப் போன அந்தப் பயணத்தில் எங்கள் ஒன்பது பேரில் ஒருவருக்கும் தெரியாது.

பயணத்தை ஏற்பாடு செய்தவர் என் வீட்டுக்காரர் ரமேஷின் தாய்மாமா சக்கரவர்த்தி. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிற ஆள். மரக்காணத்தில் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் சவுக்குத்தோப்பு, நடுநடுவே கடல். சந்தவாசலில் பிறந்து கடலையே பார்க்காத எனக்குக் கண் கொள்ளவில்லை. ஏரித் தண்ணீரில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. அவை பறந்தால்தான் வீடியோவுக்கு அழகு என்று மாமா வண்டியை நிறுத்தச் சொல்லி, கல்யாணத்தில் மிஞ்சிய அணுகுண்டு வெடியைக் கொளுத்தி எறிந்தார். பறவைகள் அலறிப் பறந்தன. சத்தம் கேட்டதும் சின்னதம்பி ஸ்டியரிங்குக்கு அடியில் சுருண்டுவிட்டார்.

“இன்னாய்யா, இந்த வெடிக்கே வேட்டி நனைஞ்சி போச்சா?” என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

பிச்சாவரத்தில் பஜ்ஜியைப் பறித்த குரங்கை மாமா கழியால் அடித்தார். அதன் காது கிழிந்து ரத்தம் கொட்டியது. சின்னதம்பி, “பசிக்கு எடுத்துச்சிங்க, வுட்ருங்க” என்றார். “நீ வண்டிய மட்டும் பாரு” என்று பதில் வந்தது.

மறுநாள் காலை கோடியக்கரை. வெளிமான் பார்த்தோம், காட்டில் திரியும் குதிரைகளைப் பார்த்தோம். பிறகு கடற்கரை. நான் போனும் கையுமாக முன்னால் நடந்தேன். மணலில் ஒரு குச்சி. உச்சியில் பச்சைத் தழை கட்டியிருந்தது. அதன் அடியில் கயிறு சுற்றிய துணி உருண்டை ஒன்று நாறிக் கிடந்தது. என்னவென்று பார்க்கக் குனிந்து கையை நீட்டினேன்.

“தொடாத! தொடாதம்மா!”

திரும்புவதற்குள் உதை விழுந்தது. மணிக்கட்டில் பட்ட வேகத்தில் நான் தூரப் போய் விழுந்தேன். அடுத்த நொடி சின்னதம்பி என்மேல் விழுந்து, என் தலையை மணலில் அழுத்தி மூடிக்கொண்டார்.

புதுப்பெண்மேல் டிரைவர் விழுந்து கிடக்கிறார். வேறென்ன வேண்டும்? ஆளாளுக்குத் தர்ம அடி. என் வீட்டுக்காரர் வயிற்றில் மிதித்தார். மாமா ஒரு சவுக்குக் கட்டையை எடுத்துவந்து முதுகிலும் முகத்திலும் போட்டார். பல் ஒன்று மணலில் விழுந்தது. சின்னதம்பி ஒருமுறைகூடக் கையை ஓங்கவில்லை. அடி வாங்கிக்கொண்டே தவழ்ந்துபோய், உருண்டைக்கும் எங்களுக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“கிட்ட வராதீங்க! அவுட்டுக்காய் அது! தழ கட்டிக்கீது பாருங்க!”

“இன்னாடா காய்? கதை வுடுறியா?” மாமா அவரைத் தாண்டிப்போய் உருண்டையைக் கையில் எடுத்தார். சின்னதம்பி அவர் காலைக் கட்டிக்கொண்டு கதறினார். “சாமி, கீழ போட்றாதீங்க சாமி!”

மாமா அதைக் கரையில் கிடந்த ஒரு படகின் விளிம்பில் ஓங்கி அடித்தார். எனக்கு உயிரே போய்விட்டது. உருண்டை பிரிந்து மீன் தலைகளும் குடலும் சிதறின.

வலை உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் ஓடிவந்தார். “நண்டுக்குக் கட்டி வச்ச எரைங்க! எடம் தெரியட்டும்னு தழையும் கட்டி வச்சேன், அதப் போய்ப் பிச்சுப் போட்டீங்களே!”

சின்னதம்பி அந்த மீன் தலைகளையே பார்த்தார். பிறகு சிரித்தார். வாயெல்லாம் ரத்தத்தோடு, “மீனு... வெறும் மீனுங்க” என்று விக்கி விக்கிச் சிரித்தார். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்புக்காக இன்னொரு சுற்று விழுந்தது.

“பொண்ணு கால்ல வுழுடா!” என்றார் மாமா.

முழங்காலால் ஊர்ந்து வந்தார். என் காலைத் தொடவில்லை.

“கைய நீட்டும்மா.”

நீட்டினேன். மணிக்கட்டு வீங்கித் தொங்கியது. அவர் ஒவ்வொரு விரலாகத் தொட்டார். “இத மடக்கு. இது? இதும்மா?”

ஐந்தையும் மடக்கினேன். வலியில் கண் இருட்டியது.

“வலிக்குதுண்ணா.”

“வலிக்கட்டும்மா. கை கீதே, அதான் வலிக்குது.”

அதுவரை எங்கள் ஆட்களில் ஒருவர்கூட என் கையைப் பார்க்கவில்லை. “இன்னும் தொட்டுப் பேசுறான் பாரு!” என்று மாமா மறுபடி கட்டையை ஓங்கினார். நான் சின்னதம்பியின் முதுகின்மேல் குப்புற விழுந்து அவரைக் கட்டிக்கொண்டேன். ஓங்கிய கட்டை என் முதுகில் விழுந்தது.

அதற்குப் பிறகு யாரும் அடிக்கவில்லை.