பழுதாகாத லிஃப்ட்

குடியை விட நினைப்பவர்கள் பக்கத்துக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கூடுகிறார்கள் என்று மனைவி சொன்னதும் லிஃப்ட் மெக்கானிக் எகிறினார். "என்னைப் பாத்தா குடிகாரன் மாதிரியா தெரியுது?"

ஆனாலும் போனார். யாராவது பார்த்தால் வேலைக்கு வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் பையை முன்னால் இழுத்துக்கொண்டார். தினமும் மெக்கானிக்கின் மகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் பஸ் டிரைவர். தங்கமான மனுஷன் என்று மெக்கானிக் வாய் ஓயாமல் மெச்சும் ஆள்.

"லிஃப்ட் ரிப்பேர்னு சொன்னாங்க..."

"அது நல்லாத்தான் ஓடுது, அண்ணே. உள்ள வாங்க."

உள்ளே ஒரே சிரிப்பு.

"நான் மொத நாள் தண்ணி மீட்டர் பாக்க வந்தேன்னு புளுகினேன்," என்றார் கண்ணாடி போட்ட அம்மா ஒருவர்.

"நான் வாடகைக்கு வீடு இருக்கான்னு கேட்டேன்," என்றார் டிரைவர். "அதுக்கப்புறம் ஒரு சொட்டு தொடல."

மெக்கானிக் டிரைவரின் கைகளைப் பார்த்தார். தன் மகளை நம்பி ஒப்படைத்த அந்தக் கைகளும் ஒருநாள் ஒரு பொய்யோடு இந்தக் கதவைத் தட்டியிருக்கின்றன!

பையை இறக்கி மூலையில் வைத்தார். அங்கே ஏற்கெனவே யாரோ கொண்டுவந்த பெயிண்ட் வாளி ஒன்று இருந்தது. எட்டிப் பார்த்தார்.

உள்ளே பெயிண்டே இல்லை.