நான்காவது நகல்

அந்தப் பிழை செல்வியுடையது அல்ல. என்னுடையது. அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டே அவள் தலையில் விழவிட்டேன்.

உங்களுக்குச் செல்வியைத் தெரியாது, என்னையும் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது போலும். சொல்ல வேண்டிய இடத்தில் வாய் திறந்திருந்தால் இதை எழுதும் தேவையே வந்திராது.

குன்னூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். நான்கே பேர். தேயிலை எஸ்டேட்டுகளுக்கு மென்பொருள் எழுதித் தருகிறோம். நான் அங்கே மூத்தவன். மேட்டுப்பாளையத்திலிருந்து பிழைப்புக்காக மலையேறியவன். செல்வி எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவள். இலங்கையிலிருந்து திரும்பி வந்த தோட்டக் குடும்பத்துப் பெண். கல்லூரி முடித்து நேராக எங்களிடம் வந்தாள்.

எங்கள் மென்பொருள் செய்யும் வேலைகளில் ஒன்றை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். எஸ்டேட்டில் தேயிலைப் பரப்பைப் பிரித்து நம்பர் கொடுத்து, ஒவ்வொன்றையும் காடு என்பார்கள். பூச்சிமருந்து அடித்த காட்டுக்குள் குறிப்பிட்ட நாள்கள் கழியும்வரை கொழுந்து எடுக்க ஆளை இறக்கக் கூடாது. எந்தக் காட்டில் இன்று இறங்கலாம் என்பதைக் கணக்கிட்டுச் சொல்வது எங்கள் மென்பொருள். அது 'இறங்கலாம்' என்று காட்டினால் சூப்பர்வைசர் ஆளை இறக்குவார். அவ்வளவு நம்பிக்கை!

அந்தக் கணக்கை எழுதியவன் நான். ஒரு முறை எழுதினேன். பிறகு வேண்டிய இடத்திலெல்லாம் பிரதி எடுத்து ஒட்டினேன். மேனேஜர் பார்க்கும் திரைக்கு ஒன்று, அலுவலகத்தில் அச்சிடும் தாளுக்கு ஒன்று, மாத அறிக்கைக்கு ஒன்று. எடுத்து ஒட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும். பொதுவாக ஓரிடத்தில் வைத்து மூன்றையும் அங்கே வந்து கேட்கும்படி செய்ய ஒரு நாள் ஆகும். ஒரு நாளை மிச்சம் பிடித்தேன்... அதைக் கெட்டிக்காரத்தனம் என்றும் நம்பினேன்.

செல்வி வந்த சில மாதங்களிலேயே இதைப் பிடித்துவிட்டாள். ஒரே கணக்கு மூன்று இடத்தில் இருந்தால், விதி மாறும்போது மூன்றையும் மறக்காமல் மாற்ற வேண்டும். ஒன்றை விட்டால் திரை ஒன்று சொல்லும், தாள் வேறொன்று சொல்லும் என்றாள். மூன்றையும் ஒன்றாக்க அனுமதி கேட்டாள். நான் சிரித்தேன். படிப்பு வாசனை இன்னும் போகவில்லை என்று எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்தேன். ஆனால் எங்கள் முதலாளி, கோயமுத்தூர்க்காரர், அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறதென்று சம்மதித்துவிட்டார்.

என் முகம் சுருங்கியது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

அவள் வேலையைத் தொடங்கும் முன் என் மேசைக்கு வந்தாள். என் அருகில் நின்று, நிதானமாகக் கேட்டாள்.

"அண்ணா, இந்த மூணு இடந்தானா? வேற எங்கயாச்சும் இந்தக் கணக்கு இருக்கா?"

"இல்லம்மா. மூணுதான்" என்றேன்.

நான்காவது ஒன்று இருந்தது.

கோத்தகிரி இறக்கத்தில் ஒரு சின்ன எஸ்டேட். அதன் கீழ்க்காடுகள் சரிவில் ஆழத்தில் இருப்பதால் அங்கே சிக்னலே கிடைக்காது. சூப்பர்வைசரின் போனால் எங்கள் கணினியைக் கேட்டுப் பதில் சொல்ல முடியாது. போனுக்குள்ளேயே கணக்குப் போட்டாக வேண்டும். அந்த மேனேஜர் எனக்குப் பழக்கம். அவருக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்தக் கணக்கை அப்படியே எடுத்துப் போனுக்குள் ஒட்டிக் கொடுத்தேன். அது அலுவலகத்தின் பொதுச் சேமிப்பில் இல்லை. என் மடிக்கணினியில் மட்டுமே இருந்தது. முதலாளியிடமோ எல்லாம் முறைப்படி, அலுவலகக் கணினியிலிருந்தே போன் பட்டியலை எடுத்துக்கொள்ளும்படி செய்ததாகச் சொல்லிப் பாராட்டும் வாங்கியிருந்தேன்.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். மறக்கவில்லை. செல்வி கேட்ட அந்தக் கணத்தில் அது என் நினைவில் இருந்தது. அவசரமாக எழுதிய அந்த அலங்கோலத்தை அவள் திறந்து பார்ப்பதை நான் விரும்பவில்லை. அவ்வளவுதான் காரணம்! இதைவிடக் கனமான காரணம் ஏதாவது இருக்குமா என்று தேடிப் பார்த்திருக்கிறேன். இல்லை.

அவள் மூன்றையும் ஒன்றாக்கினாள். நன்றாகவே செய்திருந்தாள். பாதி வரிகள் குறைந்துவிட்டன. பிறகு ஒரு நாள் ஒரு மருந்துக்குக் காத்திருக்க வேண்டிய நாள்களைக் கூட்டச் சொல்லி எஸ்டேட்டுகளிலிருந்து தகவல் வந்தது. மாற்றத்தைச் செய்தவள் அவள்தான். முன்பெல்லாம் அரை நாள் பிடித்த வேலை ஒரே வரியில் முடிந்ததென்று சந்தோஷமாகச் சொன்னாள். நான் தலையாட்டினேன். என் மடிக்கணினியிலும் அந்த ஒரு வரியை மாற்றியிருக்கலாம்... நாளைக்கு என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன்.

மழை விட்ட ஒரு காலையில் அந்த எஸ்டேட்டின் கீழ்க்காட்டில் பெண்களை இறக்கினார்கள். போன் 'இறங்கலாம்' என்று காட்டியிருந்தது, பழைய கணக்கின்படி. வெயில் ஏறியதும் சிலருக்குத் தலைசுற்றலும் வாந்தியும். எஸ்டேட் ஜீப்பில் கோத்தகிரிக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் சீக்கிரமே தேறிவிட்டார்கள். பார்வதி என்ற பெண்ணுக்கு மட்டும் மூச்சுத்திணறல் நிற்கவில்லை. பிறகு அவரால் சரிவில் கூடை சுமந்து ஏற முடியவில்லை என்று கேள்விப்பட்டேன்.

செல்வி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்வதியைப் பார்த்துவிட்டு வந்தாள். நான் போகவில்லை.

செய்தி வந்த அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? மடிக்கணினியைத் திறந்தேன். அந்த நான்காவது நகலை அழித்தேன். காலையில் மேனேஜர் அலுவலகத்தில் சிக்னல் கிடைக்கும்போதே அன்றைய பட்டியலைப் பொதுக் கணக்கிலிருந்து போன் இறக்கிக்கொள்ளும்படி மாற்றி எழுதினேன். முன்பே செய்திருக்க வேண்டிய முறை அது. மேனேஜரைக் கூப்பிட்டு, வழக்கமான புதுப்பிப்பு என்று சொல்லி எல்லாப் போன்களிலும் ஏற்றவைத்தேன். விசாரிக்கத் தொடங்கியபோது தேடிக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சவில்லை. அவ்வளவையும் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் எழுதி முடித்தேன். அதுதான் இன்றும் எனக்கு வியப்பு.

எங்கள் கணினியில் எல்லாம் சரியாக இருந்தது. போன் மட்டும் தவறாகச் சொல்லியிருந்தது. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. விளங்காதபோது கடைசியாகத் தொட்டவர் மேல்தானே கை நீளும்! அவள் மாற்றி அமைத்ததில் ஏதோ போனுக்குப் போய்ச் சேராமல் அறுந்துவிட்டது என்று முடிவாயிற்று. முதலாளி எங்கள் எல்லோரையும் உட்காரவைத்தார். சத்தம் போடவில்லை.

"ஏனுங்க செல்வி, நல்லா ஓடிட்டிருந்ததை எதுக்குங்க நோண்டுனீங்க? இவருகிட்டக் கேட்டுட்டுத்தானே செஞ்சிருக்கோணும்?"

இவர் என்று அவர் கைகாட்டியது என்னை. அவள் என்னைப் பார்த்தாள். கேட்டுவிட்டுத்தான் செய்தாள் என்று நான் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் போதும். நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். அண்ணனிடம் கேட்டேன் என்று அவளும் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று எண்ணினாளா? நான் அறியாமல் சொன்னதாக நம்பினாளா? எனக்குத் தெரியாது. கேட்கும் தகுதியும் இல்லை.

அந்த மாதமே அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். தன் பொருள்களை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு முந்தைய நிமிடம்வரை நிரலை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். எங்கே அறுந்தது என்று தேடினாள். இல்லாத ஒன்றைத் தேட விட்டுவிட்டு நான் டீ குடிக்கக் கீழே இறங்கினேன்.

அவள் செய்துவைத்த முறையில்தான் இன்றும் எங்கள் மென்பொருள் ஓடுகிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு, எதையும் இரண்டாம் முறை எழுதாதீர்கள் என்று நான்தான் பாடம் நடத்துகிறேன். நிரல் சுத்தமாக இருக்கிறதென்று முதலாளி என்னைப் பாராட்டுகிறார். நானும் கேட்டுக்கொள்கிறேன்.

நான் கொடியவனா? அப்படித் தோன்றவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாக உறங்குகிறேன். உறுத்தல் இருக்கிறதென்று எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். உண்மையில் அது உறுத்துவதில்லை, வெறுமனே கனக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே வருகிறது.

போன வாரம் செல்வி போன் செய்தாள். இப்போது கோயமுத்தூரில் ஏதோ ஒரு கடையில் கணக்கெழுதுகிறாளாம். அதன்பிறகு நிரல் எழுதும் வேலைக்குப் போகவே இல்லை, பயமாக இருக்கிறது என்றாள். பார்வதியை இன்னமும் பார்த்துவிட்டு வருகிறாள். நான் என்னென்னவோ விசாரித்தேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, அங்கே வெயில் எப்படி... உண்மை என் நாக்கு வரை வந்தது. வந்து நின்றது.

வைக்கும் முன் அவள் சொன்னாள்:

"அன்னிக்கு எல்லாரும் என்னையத்தான் சொன்னாங்கண்ணா. நீங்க ஒருத்தர்தான் ஒரு வார்த்தையும் சொல்லல. அத நான் மறக்கல."

சரிம்மா என்றேன்.