முள்ளில்லாத களாச்செடி

எங்கள் தெருவில் தீயணைப்பு வண்டி வந்து நின்ற ஒரே வீடு அச்சுதனுடையது. தீ எதுவும் பிடிக்கவில்லை. மனுஷன் கொல்லையில் உட்கார்ந்து விதைகளுக்குச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார்.

தென்னாப்பிரிக்காவின் முனையில் வளரும் சில புதர்ச்செடிகளின் விதை, காடு எரிந்த புகை பட்டால்தான் முளைக்குமாம். நாங்கள் குடியேறிய ஃப்ரீமான்ட் நகரில் காட்டை எரிக்க முடியாது. அதனால் தட்டில் விதையைப் பரப்பி, மேலே ஒரு கூடையைக் கவிழ்த்து, உள்ளே தூபக்காலை வைத்துவிட்டார். வந்த தீயணைப்புக்காரர்களுக்கும் அரைமணி நேரம் வகுப்பு எடுத்துத்தான் அனுப்பினார்.

கும்பகோணத்துக்காரர். ஐம்பத்தெட்டு வயது. சிப் சோதிக்கும் வேலை. வறட்சி வந்த வருஷம் எல்லோரும் புல்தரை காய்கிறதே என்று அழுதபோது, இவர் புல்லைப் பெயர்த்தெறிந்துவிட்டு வாசல் முழுக்க ஆப்பிரிக்கப் புதர்களை நட்டார். வாழைப்பூவை நிமிர்த்தி வைத்தாற்போல் புரோட்டியா, கரூ என்னும் வறண்ட சீமையிலிருந்து வந்த சாம்பல் இலைப் புதர், நம் ஊர்க் கொடிவேலிக்கு உறவான நீலப்பூ. “உரம் போட்டா செத்துடும் சேனா, பட்டினி போட்டாத்தான் பூக்கும்” என்பார். எதிர்வீட்டுக்காரனான எனக்கு இதையெல்லாம் கேட்டே ஆகவேண்டிய தலைவிதி. எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார். ‘தெரியாது’ என்று அவர் சொல்லி நான் கேட்டதேயில்லை.

பக்கவாட்டு வேலியோரம் ஆறு களாச்செடிகள். அதுவும் ஆப்பிரிக்கக் களாதான், நம் களாவுக்குப் பங்காளி. நட்சத்திரம் மாதிரி வெள்ளைப்பூ, மல்லிகை வாசம், கவைக்கவையாய் முள், சிவந்த பழம். வருஷாவருஷம் அவர் மனைவி ருக்மிணி அதில் ஊறுகாய் போடுவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு செடி பட்டுப்போனது. யாரோ இடிக்கப்போகிற வீட்டுத் தோட்டத்திலிருந்து இலவசமாகப் பெயர்த்துக்கொண்டு வந்து அந்த இடத்தில் ஒன்றை வைத்தார். அதே பூ, அதே வாசம், கிள்ளினால் அதே பால். முள் மட்டும் இல்லை.

“முள்ளில்லாத வெரைட்டி சேனா. இனிமே ருக்மிணி கை கிழியாது.”

முள்ளில்லாத களா என்று ஒன்று உண்டுதான். இது அதுவல்ல. அதைத் தெரிந்துகொள்ள இரண்டு வருஷம் ஆனது.

இந்த வருஷம் அந்தச் செடி முதல்முறையாகக் காய்த்தது. ருக்மிணி எல்லாச் செடியின் பழத்தையும் ஒன்றாகப் பறித்து, உப்பில் ஊறவைத்து, மார்ச் முதல் வாரம் தாளித்தார். நாலு வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் தன் வீட்டில் பாட்டிலைத் திறப்பது அவர் வழக்கம். எனக்கு ஒன்று, கோயில் சிநேகிதர்கள் இருவருக்கு ஒவ்வொன்று. இரண்டு வீடு தள்ளியிருக்கும் ஹாஜா நஜ்முதீனுக்கு ஒரு பெரிய பாட்டில், நோன்பு நேரமாயிற்றே என்று.

அந்தச் சனிக்கிழமை காலை, செடிப்பிரியர்கள் சங்கத்திலிருந்து இருபது பேர் தோட்டம் பார்க்க வந்தார்கள். அச்சுதன் மாப்பிள்ளை மாதிரி இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். கூட்டத்தில் கேப் டவுனில் பிறந்த ஒரு பெண்மணி வேலியோரம் நின்றுவிட்டார். முள்ளில்லாத செடியின் இலையைத் திருப்பிப் பார்த்தார். இங்கே சின்னக் குழந்தைகள் உண்டா என்று சாதாரணமாகக் கேட்டார். செடியின் பெயரைச் சொல்லி, இந்த மரத்தைக் காய்ச்சித்தான் அந்தக் காலத்தில் வேடர்கள் அம்பில் தடவுவார்கள், இதயத்தை நிறுத்திவிடும், பழத்தையும் நம்ப முடியாது, வேலியோரம் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பூவைப் பார்க்கப் போய்விட்டார்.

அதற்கப்புறம் யார் என்ன கேட்டார்கள், தான் என்ன சொன்னோம் என்று எதுவும் அச்சுதனுக்கு நினைவில்லையாம். கூட்டம் போனதும் ருக்மிணியிடம் சொன்னார். ருக்மிணி தன் வீட்டு ஜாடியைக் குப்பையில் கவிழ்த்துவிட்டு, “இப்பவே எல்லாருக்கும் உள்ளதைச் சொல்லிடுங்க” என்றார்.

இங்கேதான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. மனுஷனுக்கு உயிரைவிட மானம் பெரிதாகப் போயிற்று. அச்சுதன் ஊரைக் கூட்டி விஷ ஊறுகாய் கொடுத்தான் என்று எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் வரும், ஊருக்கெல்லாம் செடிப்பேர் சொல்லிக்கொடுத்த தன் முகத்தை எங்கே வைப்பது என்று பயந்தார். நாலு வீட்டுக்கும் போன் செய்து ஒரே பொய்யைச் சொன்னார்.

“ஊறுகால உப்பு கம்மியாப் போச்சு. பூஞ்சை வந்துடும். தூக்கிப் போட்டுடுங்க.”

எனக்கு ரத்தக்கொதிப்பு. ஊறுகாயைத் தொடுவதில்லை. எறிந்துவிட்டேன். கோயில்காரர்களும் எறிந்தார்கள். நஜ்முதீன் மனைவி அமீருன்னிசா எறியவில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது சரி, உப்பு அடுப்பங்கரையில் இருக்கும்போது எந்தப் பெண் குப்பைத்தொட்டிக்குப் போவாள்? அண்ணன் வீட்டுச் சாமான் வீணாகக் கூடாது என்று இரண்டு கை உப்புப் போட்டு, நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றி, ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஜன்னல் வெயிலில் வைத்து எடுத்தாள்.

திங்கட்கிழமை விடியுமுன் சஹர் உணவுக்குத் தயிர்சோறும் அந்த ஊறுகாயும். நஜ்முதீன் நாலைந்து துண்டு சாப்பிட்டார். அவளுக்குப் புளிப்பு ஆகாது. மகள் இஸ்ரத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஏழே முக்காலுக்கு நான் ஆபீசுக்குக் கிளம்பி வெளியே வந்தால், ஆம்புலன்ஸ் நஜ்முதீனையும் கூடவே அமீருன்னிசாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறது. பிளாட்பாரத்தில் அச்சுதன், காலில் செருப்புகூட இல்லாமல்.

“சேனா, அவர் ஊறுகா சாப்டாரான்னு கேளு.”

“ஏன்யா, இப்ப ஊறுகாயா முக்கியம்?”

என் காரில் ஏறிக்கொண்டார். ஆம்புலன்ஸ் பின்னால் போகும்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார்.

“போன் பண்ணு. இப்பவே பண்ணு.”

“நேர்ல போய் சொல்லிக்கிறேன் சேனா. போன்ல எப்படி…”

வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். “யோவ், அவங்க ஹார்ட் அட்டாக்னு நெனச்சு ட்ரீட் பண்ணிட்டிருப்பாங்க. நீ சொல்றியா, நான் சொல்லவா?”

மூன்று தடவை தப்பாக அழுத்திவிட்டு நாலாவது தடவை சரியாக அழுத்தினார். ஸ்பீக்கரில் அமீருன்னிசாவின் குரல் கேட்டது. “அண்ணே! ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். ஹார்ட் பீட் நாப்பதுக்கு எறங்கிடுச்சுண்ணே. வாந்தி நிக்கல. என்னன்னே தெரியலங்கறாங்க.”

நான் அச்சுதன் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“அமீரு… அது களாக்கா இல்லம்மா. வெஷம். டாக்டர்கிட்ட போனக் குடும்மா.”



“உப்புன்னு சொன்னீங்களேண்ணே” என்றாள்.

டாக்டர் லைனுக்கு வந்தார். அச்சுதன் அந்தச் செடியின் தாவரவியல் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். எவ்வளவு விஷம் பழத்தில் இருக்கும் என்று டாக்டர் கேட்டதற்கு, “எனக்குத் தெரியாது” என்று அழுதார்.

அந்த விஷத்துக்கு மாற்றுமருந்து உண்டு. வரவழைக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு வெளியே நின்று மானிட்டர் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். முப்பத்தெட்டு. முப்பத்தைந்து. நடுவில் ஒருமுறை அது கூவியது, நாலு பேர் உள்ளே ஓடினார்கள். அமீருன்னிசா சுவரில் சாய்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். அச்சுதனை அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மருந்து ஏறி இரண்டு மணி நேரம் கழித்துத்தான் எண் ஐம்பதைத் தாண்டியது.

நஜ்முதீன் பிழைத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார். அச்சுதன் கோயில்காரர்கள் வீட்டுக்கு நேரில் போய் உள்ளதைச் சொன்னார். அன்றைக்கே வேலியோரச் செடிகள் ஆறையும், நல்ல களா ஐந்தையும் சேர்த்து, வேரோடு பிடுங்கிப்போட்டார்.

பெருநாள் கழிந்து நாலாம் நாள், இதய டாக்டரைப் பார்க்க நஜ்முதீனையும் அமீருன்னிசாவையும் நான்தான் காரில் கூட்டிப்போனேன். அவர் இன்னும் வண்டி ஓட்டக் கூடாது. டாக்டர் ஆபீசில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். திரும்பும்போது நஜ்முதீன், “தலைய வலிக்குது. நல்ல காபி ஒண்ணு கெடச்சா தேவல” என்றார். தெருவுக்குள் நுழைந்ததும், “அச்சுதண்ணன் வீட்டுல நிறுத்துங்க சேனா. நாமதான் போகணும், அவரு வரமாட்டாரு” என்று அவரே சொன்னார்.

அச்சுதன் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். நஜ்முதீன் சிரித்தார். “விடுங்கண்ணே, எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்ல” என்றார். மனதாரத்தான் சொன்னார். ருக்மிணி அவசர அவசரமாக டிகாக்ஷன் இறக்கி, நுரை பொங்க நாலு டம்ளர் கொண்டுவந்து வைத்தார். நஜ்முதீன் கையை நீட்டினார்.

அமீருன்னிசா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வேணாம்க்கா. தப்பா நெனச்சுக்காதீங்க. வர்ற வழியில இப்பதான் குடிச்சோம்.”

நான் என் டம்ளரை எடுத்துக் குடித்தேன். அச்சுதன் என்னைப் பார்த்தார். நாங்கள் வழியில் எங்கும் நிற்கவில்லை என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. “பரவால்லம்மா” என்று சொல்லிவிட்டு, மற்ற மூன்று டம்ளரையும் அவரே உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.