சாய்ந்த குழாய்

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, வந்து பார்க்கிறாயா என்று கிளேபாங்கிலிருந்து தங்கை போன் செய்தாள். பிளம்பரைக் கூப்பிட மாப்பிள்ளை விடமாட்டாராம். வெளி ஆள் வீட்டுக்குள் வரக்கூடாதாம். கோலா சுங்கை பாரு பக்கத்தில் நான் குடியிருக்கும் ரப்பர் தோட்டத்திலிருந்து ஞாயிறு காலையில் மோட்டார் சைக்கிளில் போனேன். வாஷர் தேய்ந்திருக்கும், பத்து நிமிட வேலை என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை வெளியே போயிருந்தார். மீட்டர் பக்கத்து வால்வை மூடினேன். சரியாக மூடினேனா என்று மறுபடியும் போய்ப் பார்த்தேன். வாஷரை மாற்றி வால்வைத் திறந்தால் அப்போதும் சொட்டியது, வாயிலிருந்து அல்ல, சுவரோடு சேரும் இடத்திலிருந்து. குனிந்து பார்த்தேன். குழாயே ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுற்றியிருந்த டைல் வெடித்திருந்தது. திரும்பவும் தண்ணீரை அடைத்துவிட்டு அதை முழுசாகத் திருகி எடுத்தேன். இடுக்கில் நீளமான முடி கொத்தாகச் சிக்கியிருந்தது. வேரில் காய்ந்த ரத்தம்.

தங்கை கதவருகில் நின்றாள். வழுக்கி விழுந்தேன் என்றாள். அவள் தலையில் சுற்றியிருந்த துண்டை நானே எடுத்தேன். காதுக்கு மேல் வீங்கி, ஓர் இடத்தில் முடியே இல்லை. இப்போதே கிளம்பு என்று கெஞ்சினேன். நான் உன்னோடு வந்தால் அவர் தோட்டத்துக்கே வந்து வெட்டுவார், உன் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று மறுத்தாள். இன்றைக்கு இவளை இங்கே விட்டுப்போனால் அடுத்த முறை உயிரோடு பார்ப்பேனா என்று தெரியவில்லை.

வாசல் கேட் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை என்னைவிட வயதில் சின்னவர். இருந்தாலும் தங்கை புருஷன் என்று ஆறு வருடமாக வாங்க, போங்க என்றுதான் பேசியிருக்கிறேன்.

“என்ன மச்சான், ஒரு பைப்ப மாத்த இவ்ளோ நேரமா? ரெண்டாம் படிவத்தோட படிப்ப நிறுத்துன கைன்னா இப்படித்தான்லா.”

சிரித்தவர் என் கையிலிருந்த முடியைப் பார்த்தார்.

“என்னடி சொன்ன அவர்கிட்ட?”

பதில் வருவதற்குள் அவள் பின்கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினார். நெற்றி பிளந்தது. நான் ஸ்பானரால் அவர் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவர் வயிற்றில் உதைத்தார். வாளிமேல் விழுந்தேன். அடுத்த உதையில் என் முன்பல் தொண்டைக்குள் போனது. கழற்றிப் போட்ட பித்தளைக் குழாயை எடுத்து இடது கையால் என் தோளில் இறக்கினார். காலைப் பிடித்து இழுத்தேன். ஈரத் தரையில் மல்லாந்து விழுந்தார். நெஞ்சில் ஏறி உட்கார்ந்து ஸ்பானரை ஓங்கினேன்.

“அசையாதடா. அசைஞ்ச, மூஞ்சி இருக்காது.”

அவன் அசைந்தான். ஒன்று போட்டேன். மூக்கு உடைந்தது. மறுபடியும் ஓங்கிய கையைத் தங்கை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள்.

“போதும்ணே. நீ உள்ள போயிட்டா என்னை யாருண்ணே கூட்டிட்டுப் போறது?”

அப்போதுதான் அவள் வரச் சம்மதித்துவிட்டாள் என்பது எனக்கு உறைத்தது.

அவனைத் தரையிலேயே விட்டுவிட்டு நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போனோம். என் வாயைப் பார்த்து, யார் யாரை அடித்தது என்று போலீஸ்காரர் மலாயில் கேட்டார். அவன் செத்துக்கித்து வைத்தால் என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். தங்கைதான் பேசினாள். இன்றைக்கு நடந்ததிலிருந்து அல்ல, கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்து. போலீஸ்காரர் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார். அவள் சொன்னதில் பாதிக்குமேல் எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.