தம்பியின் அங்கவடி எலும்பு

என் தம்பி லக்ஷ்மிநாராயணன் டாலிகஞ்சில் பெரிய மகான். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவான். வங்கியில் ஓய்வு பெறும்வரை ஒரு மேனேஜரோடும் சண்டையில்லை. காலனி வங்காளிகள் அண்ணன் முறை வைத்து, "பாவம் மதராஸி தாதா, நம்ம பாஷை புரியலை" என்று இரக்கப்பட்டார்கள். நம்மவர்களோ, "தமிழே மறந்துடுத்து, பாதி வங்காளி ஆயிட்டான்" என்றார்கள். இத்தனை படித்தவர்களில் ஒருவருக்காவது இவனுக்குக் காது கேட்கவில்லை என்று தோன்ற வேண்டுமே! அவனாகச் சொல்வானா? கௌரவம் என்ன ஆவது?

ஃபோனில் மட்டும் அந்த வித்தை பலிக்கவில்லை. பெங்களூரிலிருந்து மகள் மேக்னா, தான் விரும்பியவனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொல்லி அழுதாள். இவன் ஃபோனைப் பிடித்துக்கொண்டு அழகாகத் தலையாட்டினான். அப்பா வாயே திறக்கவில்லை என்று அவள் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். அதற்கப்புறம்தான் ஐயா கரியாஹாட் காது டாக்டரிடம் வர இறங்கி வந்தார்.

நடுக்காதில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்பாம். ஒரு கொல்லன் பட்டறையையே உள்ளே வைத்துக்கொண்டு சத்தம் கேட்காத மனிதன்! அங்கவடி என்பது குதிரைக்காரன் கால் வைக்கும் வளையம் மாதிரி, அரை அரிசி அளவு. அது இறுகிவிட்டதாம், எடுத்துவிட்டு ஒரு குட்டிக் கம்பி வைக்க வேண்டும். ஆளுக்கு ஆள் அளவு மாறுவதால், உள்ளே அளந்த பிறகே கம்பியை வெட்டுவார்களாம். மயிரிழை நீண்டால் தலைசுற்றல். குறைந்தால் பழைய செவிடுதான்.

"மரத்துப்போக ஊசி மட்டும்தான், தூங்க மாட்டீங்க. கம்பி வச்சதும் கேக்குதான்னு கேப்பேன். தலையை மட்டும் ஆட்டக் கூடாது, தாதா" என்று டாக்டர் கத்திச் சொன்னார்.

தம்பி தலையாட்டினான்.

டாக்டர் முகம் வெளுத்துவிட்டது. "இவனை என்கிட்ட விடுங்கோ" என்றேன்.

வீட்டில் நாற்காலியில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர்ச் சொம்பை வைத்தேன். அவன் மனைவி ஷியாமளா காதருகே போய், "ஏன்னா, காபி வேணுமா?" என்று கத்தினாள். சொம்பு மடியில் விழுந்தது.

"வாயால சொல்லுடா!"

"அக்கா, ஜலதோஷம் பிடிச்சுடும்."

"பிடிக்கட்டும். மூக்கும் அதே டாக்டர்தான் பார்க்கறார்."

ஒரு வழியாகச் சொம்பு நின்றது. ஆபரேஷன் மேசையிலும் கல்லாகக் கிடந்தானாம். டாக்டர் மெல்ல, "தாதா, கேக்குதா?" என்றாராம். "கேக்கறது. எதுக்குக் கத்தறேள்?" என்றானாம் மகான்.

கட்டுப் பிரித்ததும் ஷியாமளா மகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, ஃபோனை இவனிடம் நீட்டினாள். அந்தப் பெண் வெளுத்து வாங்கினாள். காது கேட்கவில்லை என்று சொல்ல என்ன வெட்கம், நான் என்ன யாரோவா என்று ஒரே கூச்சல். இவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நிறுத்தாதேம்மா, எல்லாம் கேக்கறது" என்றான். "திட்டி முடிச்சப்புறம் மாப்பிள்ளை பேரைச் சொல்லு."