தெற்குக் கோடு

காலை ஒன்பது பத்து. ஆரப்பாளையம் பஸ் நிலையம் போகும் வழியில் பழைய அரங்கத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நடந்தேன். பையில் தண்ணீர் பாட்டில், துண்டு, அளக்கிற புது டேப். முப்பது மீட்டர். நேற்றுத்தான் வாங்கினேன். முனை சரியாக இருக்கிறதா என்று கடையிலேயே மூன்று முறை பார்த்தேன்.

அரங்கத்து கேட்டில் சோபா, கட்டில் கண்காட்சி என்று பேனர் கட்டியிருந்தார்கள். வாட்ச்மேன் எழுந்து வந்தார்.

"சோபா பாக்கவாண்ணே? பதினோரு மணிக்குத்தான் தொறப்பாக."

"இல்ல. சும்மா."

"சும்மா பாக்க என்னண்ணே இருக்கு, வெறுஞ் செவரு."

இங்கேதான் டென்னிஸ் போட்டி நடந்தது. கூரைக்கு அடியில், விளக்கு வெளிச்சத்தில். ஊர் ஊராகப் போய்ப் பரிசுப் பணத்துக்கு ஆடுகிற ஆம்பளைகள் வந்தார்கள். மார்கழியில் ஒரு வாரம். அப்படி ஆறு வருசம். முதல் வருசம் உள்ளே இடமில்லாமல் கேட்டுக்கு வெளியே கூட்டம் நின்றது. மூன்றாம் வருசம் பாதி நாற்காலி காலி. ஆறாம் வருசம் டிவி வண்டி வரவில்லை. ஏழாம் வருசம் எங்களை யாரும் கூப்பிடவில்லை. நின்றுவிட்டது என்று யாரும் சொல்லவும் இல்லை. இப்போது சொன்னால் மதுரையிலா என்று சிரிக்கிறார்கள்.

நான் ஆடியவன் இல்லை. தரை போட்டவன். மரத் தளத்தின் மேல் பச்சைக் கம்பளத்தைப் பட்டை பட்டையாக விரித்து, ஒட்டி, அளந்து, வெள்ளைக் கோடு அடிக்க வேண்டும். நானும் என் கூட்டாளி சோணையும் செய்தோம். அவன் டேப் முனையைப் பிடிப்பான். நான் மறுபக்கம் எண் பார்த்துக் குறி வைப்பேன்.

பத்து இருபதுக்கு வாடிப்பட்டி பஸ். டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். ஜன்னல் ஓரம் கிடைத்தது. பரவை தாண்டியதும் காற்று சூடாக அடித்தது. வைகாசி வெயில்.

முந்தாநாள் சோணை போன் செய்தான். பதினெட்டு வருசத்துக்குப் பிறகு.

"கம்பளம் ஏங்கிட்டத்தான் கெடக்கு. ரோட்டுக்காக வெள்ளிக்கெழம ஷெட்ட இடிக்கிறாக. டேப்ப எடுத்துட்டு வா."

வைத்துவிட்டான். முன்போல மாப்ள என்று கூப்பிடவில்லை. இன்று வியாழன்.

எதற்கு டேப் என்று நான் கேட்கவில்லை. தெரியும்.

ஆறாம் வருசம் எங்கள் டேப்பின் முனை பிய்ந்துபோனது. முனை போனால் நாங்கள் டேப்பை எறிய மாட்டோம். பத்து சென்டிமீட்டர் குறியை முனையாக வைத்துக்கொள்வோம். பிடிக்கிறவன் "பத்து" என்று கத்த வேண்டும். எண் பார்க்கிறவன் "பத்து" என்று திருப்பிச் சொல்லிவிட்டு, அந்தப் பத்தைக் கூட்டிக் குறி வைக்க வேண்டும். வலையிலிருந்து கடைசிக் கோட்டுக்குப் பதினொரு மீட்டர் எண்பத்தெட்டரை. பிய்ந்த டேப்பில் அது பதினொன்று தொண்ணூற்றெட்டரை. கூட்ட மறந்தால் கோடு பத்து சென்டிமீட்டர் உள்ளே விழும்.

கடைசி நாள், கடைசி ஆட்டம். வடக்கே நின்றவன் அடித்த பந்து தெற்குக் கோட்டுக்கு வெளியே, ஒட்டி விழுந்தது. கோட்டைப் பார்க்கிற நடுவர் கை நீட்டி அவுட் என்றார். அடித்தவன் வலையைச் சுற்றி நடந்து வந்தான். கோட்டைப் பார்த்தான். மட்டையைக் கோட்டின் பக்கத்தில் படுக்க வைத்துப் பார்த்தான். எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அவனுக்குக் கை ஓடவில்லை. தோற்றான்.

சாயங்காலம் எங்களுக்கு வேலை கொடுத்த காண்டிராக்டர் கேட்டார், டேப் முனையை யார் பிடித்தது என்று. சோணை என்றார்கள். யாரும் அளந்து பார்க்கவில்லை. சோணையை அத்தோடு எந்த வேலைக்கும் அவர் கூப்பிடவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. கோடு சரியாகத்தான் இருக்கும், அந்த ஆள் பந்து அவுட்டான எரிச்சலில் அப்படிச் செய்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினெட்டு வருசம்.

பதினொன்று இருபது, வாடிப்பட்டி. அங்கிருந்து நாலு கிலோமீட்டர், சிறுமலைப் பக்கம். ஆட்டோக்காரர் நூறு ரூபாய் கேட்டார்.

"இடிக்கப் போற கோழி ஷெட்டா? கேட்டு வரைக்குந்தாண்ணே வருவேன்."

"ஏன்?"

"அங்கன ஆடுக ஒரு தினுசாப் பாக்கும்ணே."

"ஆடு பாக்காம என்ன செய்யும்?"

"நீங்க போயிப் பாத்துட்டு எனக்குப் போன் போட்டுச் சொல்லுங்க" என்று சிரித்தார். ஆனால் கேட்டில் இறக்கிவிட்டு, வண்டியை அணைக்காமலே திருப்பிக்கொண்டு போனார்.

மணி பதினொன்று ஐம்பது. கோழி இல்லாத கோழி ஷெட். நீளமானது, இரண்டு பக்கமும் கம்பி வலை. சுற்றிலும் வெட்டவெளி. காக்கா கூட இல்லை. சோணைக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. வா என்று சொல்லவில்லை. ஒரு சொம்பு மோர் கொடுத்தான்.

போட்டி நின்ற பிறகு கம்பளத்தை வெட்டி விற்றார்கள். நடுப் பட்டையைச் சோணை கேட்டு வாங்கியிருக்கிறான். அது ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கிடந்தது. பச்சை வெளுத்துவிட்டது. வெள்ளைக் கோடு வெளுக்கவில்லை. நடுவில், டென்னிஸ் வலையை இழுத்துக் கட்டுகிற பித்தளை வளையமும் இருந்தது.

பன்னிரண்டு ஆடுகள். கம்பளத்தின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றன. ஒன்றின் கால்கூடக் கம்பளத்தில் இல்லை.

"மேல ஏறாதா?"

"ஏறாது. நான் வெரட்டுனதில்ல."

அப்போது ஆடுகள் எல்லாம் ஒன்றாக வடக்கே திரும்பின. பிறகு தெற்கே. பிறகு வடக்கே. மெதுவாக, ஒரே அளவாக. பிறகுதான் எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது. டொக். கொஞ்சம் பொறுத்து, டொக். பந்து ஒன்றும் இல்லை. சொட்டுகிற குழாய் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. கடைசியாகத் தெற்குக் கோட்டுப் பக்கம் ஒரு டொக். அதோடு நின்றது. பன்னிரண்டு தலைகளும் தெற்கே பார்த்தபடி அப்படியே நின்றன.

"கேக்குதா?" என்றான் சோணை.

"கேக்குது."

"ஏம் பொண்டாட்டிக்குக் கேக்கல. ஆடு வாங்க வாரவனுக்குக் கேக்கல. எப்பவும் அந்தக் கோட்டோட நின்னுரும். அதுக்கு மேல போகாது."

டேப்பை எடுத்தேன். அவன் வளையத்தில் முனையை வைத்தான். முதலில் வடக்கு. பதினொன்று எண்பத்தெட்டரை. சரி. பிறகு தெற்கு. குனிந்து பார்த்தேன். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

"எம்புட்டு?"

"பதினொன்னு எழுவத்தெட்டரை."

"தெரியும். இத வாங்குன அன்னைக்கே அளந்துட்டேன்."

"பெறகு என்னைய எதுக்கு வரச் சொன்ன?"

"நான் அளந்தா பத்துமா? எண்ணு பாத்தவன் நீதான?" வளையத்திலிருந்து கையை எடுக்காமல் கேட்டான். "அன்னைக்கு நான் கத்துனேனா, இல்லையா?"

ஆடுகள் தெற்கே, என் பக்கம், பார்த்துக்கொண்டு நின்றன.

தரை போட்ட அன்றைக்குத் தெற்குப் பக்கம் அளக்கும்போது ஓர் ஆட்டக்காரன் சீக்கிரமே வந்துவிட்டான். தரை முடியட்டும் என்று நடைபாதையில் பையோடு நின்று, பந்தைத் தட்டிக்கொண்டிருந்தான். டொக், டொக். என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். பின்னால் சோணை கத்தியது காதில் விழுந்தது. திருப்பிச் சொல்லவில்லை, பத்தைக் கூட்டவும் இல்லை. குறி வைத்தேன். கடைசி நாள் தோற்றவன் அவன்தான். அவன் பெயர் என் வாயில் நுழையாது. எந்த ஊரில் இருக்கிறானோ.

"கத்துன" என்றேன். "கேட்டுச்சு. நாந்தான் திருப்பிச் சொல்லல."

சோணை டேப்பைக் கொஞ்சம் இழுத்தான். முனையை விட்டுவிட்டு, பத்தாம் குறியை வளையத்தில் வைத்தான். புது டேப்புக்கு அது தேவையில்லை.

"பத்து!" என்று கத்தினான்.

"பத்து" என்றேன்.

தொண்ணூற்றெட்டரையில் குறி வைத்தேன். அவன் சாக்பீஸ் கொண்டுவந்தான். பழைய கோட்டுக்கு வெளியே, பத்து சென்டிமீட்டர் தள்ளி, புதுக் கோடு போட்டோம். நிமிரும்போது பின்னால் டொக் என்று கேட்டது. ஆடுகள் வடக்கே திரும்பின. பிறகு தெற்கே. பிறகு வடக்கே. நாங்கள் எண்ணவில்லை. கொஞ்ச நேரத்தில் ஓர் ஆடு கம்பளத்தில் ஏறி, நடுவில் கால் மடக்கிப் படுத்தது. மற்றவை தழை தின்னப் போய்விட்டன. அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

ஒன்று நாற்பதுக்குக் கிளம்பினேன். மெயின் ரோடு வரை பைக்கில் கொண்டுவந்து விட்டான்.

"போறேன்" என்றேன்.

"வாரேன்னு சொல்லு மாப்ள" என்றான்.

"நாளைக்கு ஷெட்டே இருக்காதேப்பா."

"ஷெட்டு இல்லாட்டி நான் இல்லையாக்கும்?"

வாரேன் என்றேன்.

மூன்றரைக்கு அரங்கத்து வாசலில் நின்றேன். இப்போது திறந்திருந்தது. உள்ளே குளிர்ச்சி, பாலிஷ் வாடை. மரத் தளத்தில் வரிசையாகக் கட்டில்கள். தெற்குக் கோடு இருந்த இடத்தில் ஒரு மூன்று பேர் சோபா. அதில் ஒரு குடும்பம் உட்கார்ந்து பஞ்சு நல்லா இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. காது கொடுத்துக் கேட்டேன். மின்விசிறிச் சத்தம்தான்.

விற்கிற பெண் என் கையில் டேப்பைப் பார்த்துவிட்டு வந்தது. "வீட்டு அளவு எடுத்துட்டு வந்துருக்கீகளா சார்? எதை அளக்கணும்?"

"அளந்தாச்சும்மா" என்றேன்.