மனு கொடுக்காத பவளம்

பவளத்தை நகைக்கடையில் மட்டும் பார்த்தவர்கள் அதைச் சாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உயிரோடிருக்கும் பவளம் என்பது கல்லின்மேல் உட்கார்ந்திருக்கும் வயிறு. வயிற்றைச் சுற்றி விஷக் கைகள். பக்கத்தில் இன்னொரு பவளம் வளர்ந்தால் கையை நீட்டிக் கொட்டும். அதுவும் போதாவிட்டால் வயிற்றையே வெளியே தள்ளி, பக்கத்துக்காரனை அவன் வீட்டிலேயே வைத்துச் செரித்துவிடும். வீட்டில் கடல்தொட்டி வைத்திருப்பவனுக்கு மீனுக்குத் தீனி போடுவது உபதொழில்தான். இவற்றை ஒன்றையொன்று எட்டாமல் தள்ளி வைப்பதே பிழைப்பு.

அந்தப் பிழைப்புக்கு என்னைவிடத் தகுதியானவன் கள்ளக்குறிச்சியில் இல்லை என்று நம்பினேன். நான் சர்வேயர். இருபத்திரண்டு வருடமாக, வரப்பை வெட்டியவனுக்கும் வெட்டுப்பட்டவனுக்கும் நடுவில் சங்கிலி பிடித்து நின்றவன். நாலடிக் கண்ணாடித் தொட்டியைக் கூடத்தில் வைத்து, பாக்கெட் உப்பைக் கரைத்துக் கடலாக்கி, ஸ்கேலால் அளந்து ஒவ்வொரு பவளத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கினேன். நடுவில் ஆறு அங்குலம் புறம்போக்கு. படம் வரைந்து எண்ணும் போட்டேன். பவளமெல்லாம் வெளிநாட்டுப் பண்ணையில் வளர்ந்தது என்று சென்னைக் கடைக்காரர் சத்தியம் செய்தார். சத்தியத்துக்கு ரசீது தரவில்லை. எதிர்வீட்டுக்காரர் மட்டும் மாதம் ஒருமுறை விசாரிப்பார்: “இவ்ளோ தண்ணில வளத்து, எப்ப சார் கொழம்பு வெப்பீங்க?”

எனக்குத் தெரிந்து சுற்றுவட்டாரத்தில் இன்னொரு கடல்தொட்டி என் மச்சானுடையது. மனைவியின் தம்பி. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் வீடு, ஃபிட்டர் வேலை. நான் புத்தகம் படித்து வளர்த்தேன். அவன் பார்த்துப் பார்த்து வளர்த்தான். அதனால் அவனுடையது வளர்ந்தது. அவனிடம் ஒரு டார்ச் பவளம் இருந்தது. கிளை கிளையாகப் பிரியும் தண்டு, ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு தலை, தலை நிறைய ஆடும் கைகள், கை நுனியில் மஞ்சள் பொட்டு. ஒற்றைத் தலையாக வாங்கி ஆறு வருடத்தில் பதினொன்றாக்கியிருந்தான். என் வீட்டுக்கு வருகிறவர்கள் என் தொட்டியைப் பார்த்துவிட்டு, “ஒங்க மச்சான் கிட்ட ஒண்ணு இருக்குதாமே” என்று கேட்பார்கள்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடி சூடுபிடித்திருந்த மாதங்கள் அவை. அரசு ஊழியன் என்பதால் எனக்குக் கருத்து கிடையாது. மச்சானுக்குக் கருத்தும் இருந்தது, சென்னை போகிற வேனில் இடமும் கிடைத்தது. கிளம்புகிற அன்று காலை டார்ச்சோடு என் வீட்டுக்கு வந்தான். அவன் மனைவி பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள்.

“நாலு நாள்தான் மாமா. எங்கூர்ல கரண்ட்டு போறதும் வர்றதுமா இருக்குது. மத்ததுங்க தாங்கும், இது தாங்காது.”

“வெச்சுட்டுப் போ மாப்ள.”

“ஒங்க கேலக்ஸியா பக்கத்துல மட்டும் வெக்காதீங்க. ஓரடியாவது தள்ளி வெக்கணும். வெளக்கு அணைஞ்சா அது நூலு வுடும். தண்ணி ஓடற பக்கம் இன்னும் ஜாஸ்தி.”

“எனக்கே அளவு சொல்றியா?”

“சொல்லல மாமா, கெஞ்சறேன்.”

கேலக்ஸியா என்பது என் தொட்டியில் இருந்த பச்சைப் பவளம். பகலில் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்து பரமசாதுவாக இருக்கும். பம்பை நிறுத்தி, தண்ணீர் அசையாமல் நின்றதும் அளந்து, என் சட்டப்படி ஆறு அங்குலம் விட்டு அதன் பக்கத்திலேயே டார்ச்சை வைத்தேன். ஃபிட்டர் சொன்ன அளவுக்கு சர்வேயர் கட்டுப்பட முடியாது.

அன்று இரவு எட்டு மணிக்குத் தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். கேலக்ஸியாவிலிருந்து தலைமுடி கனத்தில் வெள்ளை நூல்கள் கிளம்பி, பம்பு தள்ளிய தண்ணீரில் மிதந்து, டார்ச்சின் ஓரத் தலையைத் தடவிக்கொண்டிருந்தன. அறை வாங்கியதுபோல அந்தத் தலை சுருண்டுகொண்டது. என் அளவு பிசகவில்லை; ஆறு அங்குலம் ஆறு அங்குலமாகவே இருந்தது. பகலில், ஓடாத தண்ணீரில் அளந்திருந்தேன், அவ்வளவுதான்.

நகர்த்தி வைக்க அரை நிமிடம் போதும். சட்டைக் கையை மடக்கியும் விட்டேன். பின்னால் வந்து நின்ற மனைவி சொன்னாள்: “இன்னிக்கிதாங்க நம்ம தொட்டிக்கே களை வந்துது. தம்பி கை வெச்சா தனிதான்.”

மடக்கிய கையை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

எங்கள் துறையில் ஒரு நல்ல விதி உண்டு. பாதிக்கப்பட்டவன் மனு கொடுக்காமல் அளக்கப் போகக்கூடாது. கண்ணெதிரே வரப்பை வெட்டிக்கொண்டிருந்தாலும் சைக்கிளை நிறுத்த வேண்டியதில்லை. டார்ச் மனு கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் கல்வராயன் மலைக்கு வேலையாகப் போனேன். சாமை விதைத்திருந்த ஒருவர் வழிமறித்து, பக்கத்துக் காட்டுக்காரன் தன் நிலத்தில் நாலு சால் ஏறி உழுதுவிட்டதைக் காட்டினார்.

“மனு குடுத்தியா?”

“இல்லைங்க. எழுதத் தெரியாதுங்க.”

“குடு, வரேன்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் மனம் நிம்மதியாக இருந்தது. எல்லாருக்கும் ஒரே நீதி.

வீட்டுக்கு வந்தபோது ஐந்து தலைகள் பழுப்புக் கூழாகி வழிந்திருந்தன.

“தம்பிதுக்கு இன்னாங்க ஆச்சு? நகத்தி வெச்சுப் பாருங்களேன்,” என்றாள் மனைவி.

“புது எடம். இப்ப நகத்தினா அதிர்ச்சியில செத்துடும்.”

நம்பினாள். பதினெட்டு வருடப் பழக்கம்.

மச்சான் தினமும் போன் செய்தான். தினமும் நல்லா இருக்குது என்றேன். ஐந்தாம் நாள் அவனைப் பிடித்து ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள்.

“சாம்பார் சாதம் போட்டாங்க மாமா, குத்தமில்ல. ஆனா எங்கூர்ல ட்ரான்ஸ்ஃபார்மர் வெடிச்சிடுச்சாம். மூணு நாளா கரண்ட்டே இல்ல. புதுசு ஏத்திக்கினு வர்ற லாரி மறியல்ல மாட்டிக்கினு நிக்குதாம்.”

“யாரு மறியல்?”

“நம்ம ஆளுங்கதான்.”

சிரித்துவிட்டேன். அவனும் கொஞ்சம் சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. “தொட்டி மொத்தமும் போச்சு மாமா. மீனு நாறுதுன்னு பக்கத்து வூட்டுக்காரு போன் பண்றாரு. ஒங்ககிட்ட குடுத்தது ஒண்ணாவது இருக்குதே. எத்தினி தலை இப்போ?”

“பதினொண்ணு.”

மிச்சமிருந்த மூன்றைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

அந்த நிமிடம் எனக்கு இரக்கம் வந்தது என்று எழுத ஆசை. வந்தது பயம். பவளம் வெட்டும் கத்தரியால் அந்த மூன்று தலைகளையும் தண்டோடு நறுக்கி, தொட்டியின் மறுகோடியில் பாறைக்குப் பின்னால் ஒட்டினேன். இரண்டு பிழைத்தன. செத்த தண்டை இருந்த இடத்திலேயே விட்டுவைத்தேன்.

எட்டாம் நாள் மச்சான் வந்தான். தன் வீட்டுக்குப் போகாமல், அழுக்கு வேட்டியோடு நேராக என் வீட்டுக்கு. தொட்டிமுன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். வெள்ளைத் தண்டையே வெகுநேரம் பார்த்தான்.

“எப்ப மாமா?”

“முந்தாநேத்து. திடீர்னு.”

கண்ணாடிமேல் கையை வைத்து சாண் போட்டுப் பார்த்தான். ஃபிட்டர் கை, அளவு தெரியும். “ஆறு அங்குலந்தான் இருக்கும்போல இருக்குதே?”

“ஓரடி. தண்ணிக்குள்ள எதுவுமே கிட்டத்துல தெரியும்.”

“ஆமா இல்ல? நீங்க அளந்தா சரியாத்தான் இருக்கும்” என்று கையை எடுத்துக்கொண்டான்.

பாறைக்குப் பின்னால் காட்டினேன். “ரெண்டு தலைய எப்பிடியோ காப்பாத்திட்டேன்.” என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஈரமாக இருந்தது. என் கையிலும் உப்புத்தண்ணீர் இருந்திருக்கலாம்.

மனைவி ஒரு டப்பாவில் தொட்டித் தண்ணீரை மொண்டு வந்தாள். “எடுத்துக்கினு போடா. மறுபடி வளத்துடுவே.”

“வேணாம்கா. நான் ரோட்டுல கத்திக்கினு இருந்தேன், அதுங்க வூட்டுல மூச்சு முட்டி செத்துக்கினு இருந்துச்சுங்க. வளக்கறவன் வுட்டுட்டுப் போவலாமா? மாமா கிட்டயே இருக்கட்டும். அவர் கை பொறுப்பான கை.”

டப்பாவைக் கையில் வைத்தபடி அவள் என்னைப் பார்த்தாள். “நீங்களாவது சொல்லுங்களேன்.”

பேச வேண்டிய ஆள் நான்தான் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

“அவன் சொல்றதும் சரிதான்” என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் பம்பு, விளக்கு, பிரிக்காத உப்பு மூட்டை, உப்பளவு பார்க்கும் மீட்டர் எல்லாவற்றையும் துடைத்து, சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தான். எனக்கு ஆகுமே என்றான். ஆகும் என்றேன். இன்றைக்கும் அந்த மீட்டரில்தான் பார்க்கிறேன். என்னுடையதைவிடத் துல்லியமானது.